மாம்பழத்துப் புழுவின் பெயர் யாது?

யாழ்ப்பாணத்து வீடுகளிற் கறுத்தக்கொழும்பான் பழுக்கும் காலம் ஒரு சிறு திருவிழாவுக்கு ஒப்பானது. சென்ற பருவத்தில் ஒரு மாலை, எங்கள் முற்றத்து மரத்திலிருந்து விழுந்த பழமொன்றை எடுத்து நறுக்கினேன். புறத்தோல் மாசற்றிருந்தது. உள்ளேயோ, கொட்டையைச் சுற்றியிருந்த சதை கூழாகி, வெண்ணிறப் புழுக்கள் பத்துப் பன்னிரண்டு நெளிந்துகொண்டிருந்தன. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவன் ஒருவன், விடுமுறை நாட்களில் என்னிடம் ஐயந் தெளிய வருபவன், அருகில் இருந்தான். அவன் அருவருப்புக் கொள்ளாமல் அவற்றை உற்று நோக்கிவிட்டு, “இதன் பெயர் என்ன, சேர்?” என்று வினவினான்.

“பழ ஈயின் குடம்பி” என்றேன்.

“எந்தப் பழ ஈ?”

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. என் மறதி மட்டும் இதற்குக் காரணமன்று. அந்தப் புழுவை உலகின் தலைசிறந்த பூச்சியியலாளர் ஒருவரின் கையிற் கொடுத்திருந்தாலும், நுணுக்குக்காட்டியின் துணையோடும் கூட, ‘இஃது இன்ன இனமே’ என்று அவர் துணிந்து கூறியிருக்க மாட்டார். மாம்பழத்தைத் தாக்கும் நெருங்கிய இன ஈக்களின் புழுக்கள் யாவும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. கால் இல்லை, கண் இல்லை, தலை என்று சொல்லத்தக்க உறுப்பும் தெளிவாக இல்லை. உருவத்தைக் கொண்டு பெயர் கூறும் கலைக்கு, உருவமே கைகொடாத இடத்தில் என்ன வேலை இருக்கிறது?

இக்கேள்வியை வெறும் ஏட்டுக் கேள்வி என்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. 2014ஆம் ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தன் வாயிலை அடைத்தது. அங்கிருந்து சென்ற சரக்குகளிற் பழ ஈக்கள் காணப்பட்டமையே காரணம். அல்போன்சோ பழம் விளைவிக்கும் கொங்கணக் கரைத் தோட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தடை நீங்கிற்று. ஆனால் அழுகிய பழம் மீண்டும் காயாகுமா? இன்றைய உலக வாணிபத்தில் ஒரு புழுவின் பெயர் பல இலட்சம் மக்களின் வருவாயைத் தீர்மானிக்கும் எழுத்தாகிவிட்டது.

பெயர் பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு மரவள்ளியின் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயர் அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே அது ஏழைகளின் அன்னமாயிற்று. 1970களின் தொடக்கத்திற் கொங்கோப் பகுதியில் அதன் குருத்துகளை ஒரு மாவுப்பூச்சி பற்றிற்று. அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் அதன் இயற்கைப் பகைகள் அதனோடு வரவில்லை. சில ஆண்டுகளில் ஆபிரிக்காவின் மரவள்ளி வலயம் எங்கும் இலைகள் சுருண்டு, கிழங்கு சிறுத்து, கோடிக்கணக்கான மக்கள் பசியின் வாயிலில் நின்றனர்.

பூச்சி பிறந்த நாட்டுக்குச் சென்று அதனை உண்டு வாழும் குளவியைத் தேடிக் கொணர்வதே வழி என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். நல்ல முடிவு. தென்னமெரிக்காவின் வட பகுதியிலே, மரவள்ளிச் செடிகளில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதனைத் தாக்கும் ஒட்டுண்ணிகளும் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்து ஆபிரிக்கப் பூச்சியின்மேல் விட்டபோது அவை பெருகாமல் மாண்டன. மீண்டும் முயன்றனர், மீண்டும் தோல்வி. பின்னரே உண்மை வெளிப்பட்டது. வட பகுதியிற் கண்டது வேறோர் இனம். அவ்வினத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. ஆபிரிக்காவை அழித்த இனத்திலோ பெண்களே உள. ஆணின் துணையின்றியே அவை குஞ்சுகளை ஈன்றன. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றியவை இரண்டு. அந்த இரண்டை ஒன்றென எண்ணியதால் ஆண்டுகள் வீணாயின. 1981இல் உண்மையான பூச்சியைப் பராகுவேயிற் கண்டனர். அங்கே அதனை உண்ட சிறு குளவியை நைஜீரியாவுக்குக் கொணர்ந்து விட்டனர், மரவள்ளி மீண்டது. அம்முயற்சியை இபடான் நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நடத்திய சுவிஸ் நாட்டவரான ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அவர் பெற்ற பரிசு பெரிது. பெயர்ப் பிழையால் வீணான ஆண்டுகளில் அவ்வூர்ச் சிறுவர் பெற்றது என்ன என்பதை யாரும் கணக்கிட்டதாக நான் அறியேன்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல மறுபக்கம் உண்டு. 2008இற் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையிலே காணப்பட்டது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த அது பப்பாசியை மட்டுமன்றி மரவள்ளி முதல் வேலியோரச் செடிகள் வரை பற்றிப் படர்ந்தது. பெயர் சரியாகத் தெரிந்தமையால், அதற்கென்றே இயற்கை படைத்த குளவியும் எதுவெனத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அக்குளவி இங்கு வரவழைக்கப்பட்டது. பூச்சி அடங்கிற்று. மருந்து தெளித்து அடக்கியிருந்தால் அது செய்தியாகியிருக்கும். குளவி அடக்கியதால் யாரும் பேசவில்லை.

இனி, உருவம் கைவிட்ட இடத்தில் விஞ்ஞானம் வேறு எதைப் பற்றிக்கொள்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம் முன்னோர் விலங்கின் இளமைக்கு வேறு பெயரிட்டனர். பார்ப்பு, பறழ், குட்டி என்று தொல்காப்பியத்து மரபியல் இளமைப் பெயர்களை விரித்துரைப்பதைத் தமிழ் ஆசிரியர்கள் அறிவார்கள். பூச்சியின் இடர்ப்பாடு இதனினும் பெரிது. பூனைக்குட்டி பூனையின் சாயலைக் கொண்டிருக்கும். புழுவோ ஈயின் சாயலைச் சிறிதும் கொள்ளாது. பயிரை அழிப்பது பெரும்பாலும் புழு. நூல்களிற் பெயரிட்டு வருணிக்கப்பட்டிருப்பதோ நிறையுடலி. குற்றவாளி ஒரு வேடத்தில் அகப்படுகிறான். அவனுடைய படம் வேறு வேடத்தில் இருக்கிறது. எனினும் எவ்வேடத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அது அவன் கலங்களுக்குள் இருக்கும் டீ.என்.ஏ. முட்டையிலும், புழுவிலும், கூட்டுப்புழுவிலும், பறக்கும் ஈயிலும், உதிர்ந்த ஒரு காலிலும் அது ஒன்றே.

அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே அந்த நீண்ட ஏட்டின் எழுத்துகள். ஏடு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹேபேட் என்பாரும் அவருடைய துணைவரும் ஒரு கருத்தை வெளியிட்டனர். கலத்துக்குச் சக்தியூட்டும் இழைமணியில் உள்ள ஒரு பரம்பரையலகின், ஏறத்தாழ அறுநூற்றைம்பது எழுத்துகளைக் கொண்ட பகுதியைப் படித்தாற் போதும், பெரும்பாலான விலங்கினங்களை வேறுபடுத்தி அறியலாம் என்பது அக்கருத்து. கடைப் பொருள்களின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் கோட்டுக்குறியோடு ஒப்பிட்டு அதற்குப் பெயரும் இட்டனர். பெயர் கவர்ச்சியானதுதான். ஆனால், கடைப்பொருளின் குறி மனிதன் இட்டது. பூச்சியின் குறி எவரும் இடாதது. இவ்வேற்றுமையை மறந்தவர்களுக்கே பின்னர் இடறல் நேர்ந்தது.

செய்முறை கடினமானதன்று. ஈயின் ஒரு காலை நசுக்கி டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பர். கறி மிலிஸ் என்னும் அமெரிக்கர் 1983இற் கண்டறிந்து, பத்தாண்டின் பின் நோபல் பரிசு பெற்ற பொலிமரேசுச் சங்கிலித் தாக்கத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் பல கோடி மடங்கு பெருக்குவர். பிறகு எழுத்துகளைப் படித்து, பெயர் தெரிந்த பூச்சிகளின் எழுத்துத் தொகுதியோடு ஒப்புநோக்குவர். இதனினும் விரைவான முறையொன்றை 2000இல் யப்பானியர் வெளியிட்டனர். ஒரே வெப்பநிலையில் ஒரு மணி நேரமளவில் விடை தரும் அம்முறையைத் துறைமுகத்துச் சோதனை மேசையிலேயே கையாளலாம். எழுத்துகளைப் படிக்கும் பொறியும் இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவினதாகிவிட்டது.

இம்முறையின் பெருமையையும் சிறுமையையும் ஒருசேரக் காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. அதில் இலங்கையின் பெயரும் அடிபட்டமையால் அதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன்.

2003இற் கென்யாவின் கரையோர மாந்தோப்புகளில் முன்பு காணாத பழ ஈ ஒன்று அகப்பட்டது. ஆசியாவின் ‘பக்ட்ரோசெரா டோர்சாலிஸ்’ என்னும் கீழைத்தேயப் பழ ஈயை அது ஒத்திருந்தது. ஆயினும் மார்பின் நிறத்தில் வேறுபாடு தோன்றிற்று. சிலவற்றின் மார்பு கறுப்பு. சிலவற்றின் மார்பு செங்கபிலம். சிலவற்றில் இரண்டும் கலந்திருந்தன. இத்தகைய ஈக்கள் எங்கேனும் உளவோ என்று தேடியபோது, இலங்கையிற் சேகரித்த ஈக்களோடு அவை பொருந்தின. 2005இல் டிரூ, சுருதா, வைற் என்னும் மூவர் இலங்கையிலும் ஆபிரிக்காவிலும் வாழும் புதிய இனமாக அதனை வருணித்து, ‘பக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்’ என்று பெயரிட்டனர். இலத்தீனில் அச்சொல்லின் பொருள் ‘படையெடுத்து வருவது’ என்பதாகும். பெயரிட்டவர்களிடத்து நான் குறை காணவில்லை; கண்ணுக்குப் பட்டதை நேர்மையாக எழுதினர். ஆனால், பெயர் பிறந்ததும் அதற்குக் காலும் கையும் முளைத்தன. ஆபிரிக்காவைப் படையெடுத்த பூச்சியின் தாயகம் இலங்கை என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அந்தப் பூச்சி சில ஆண்டுகளிலேயே சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளிற் பெரும்பாலானவற்றிற் பரவியது. அது காணப்பட்ட நாடுகளின் பழங்களுக்குப் பிற நாடுகள் கதவடைத்தன. கென்யாவின் வெண்ணெய்ப்பழத்தைத் தென்னாபிரிக்கா மறுத்தது. டோர்சாலிஸ் உள்ள நாட்டுக்கு ஒரு விதி, இன்வேடன்ஸ் உள்ள நாட்டுக்கு வேறு விதி என்று ஆவணங்களில் எழுதப்படலாயிற்று.

ஈண்டு ஒரு வேடிக்கை. ஹவாய்த் தீவுகளில் டோர்சாலிஸை அடக்கிய ஒரு சிறு குளவியை நைரோபி ஆராய்ச்சியாளர் தருவித்து, புதிய ‘படையெடுப்பாளன்’ மேல் விட்டுப் பார்த்தனர். குளவி தயக்கமின்றி அதன் முட்டைகளைத் தாக்கிற்று. இக்குளவி வேறு சில பழ ஈக்களையும் தாக்கும் இயல்பினது. ஆகவே இதனைச் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் இலத்தீன் படியாத அக்குளவியின் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

டீ.என்.ஏ.யைப் படித்தவர்கள் முதலிலிருந்தே ஐயுற்றனர். இன்வேடன்ஸின் எழுத்துகளையும் டோர்சாலிஸின் எழுத்துகளையும் அருகருகே வைத்தால் எல்லைக் கோடு இழுக்க இடமே கிடைக்கவில்லை. மலாய்ப் பகுதியின் ‘பப்பாயே’ என்னும் இனமும் இவ்வாறே ஒன்றிக் கிடந்தது. 1994இல் இக்கூட்டத்தைத் திருத்தி ஆராய்ந்த டிரூ, ஹன்கொக் என்போர் தனியினங்களாக்கியவற்றுள் அதுவும் ஒன்று. அது 1995இல் வட குவீன்ஸ்லாந்திற் புகுந்தபோது, அதனைப் பூண்டோடு ஒழிப்பதற்கு அவுஸ்திரேலியா பெரும் பொருள் செலவிட்டுப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது.

இங்கேதான் விஞ்ஞானிகள் செய்த ஒரு செயலை நான் மிகவும் மதிக்கிறேன். எழுத்துகள் ஒத்தனவென்று கண்டவுடன் அவர்கள் தீர்ப்பெழுதி விடவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் கூட்டாக நடத்திய ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ், பல நாட்டு ஆய்வாளர்கள் பல வழிகளாலும் அதே கேள்வியைக் கேட்டனர். அணுசக்திக்கும் பழ ஈக்கும் யாது உறவு என்று வாசகர் வியக்கலாம். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சினால் மலடாக்கிப் பெருந்தொகையாகப் பறக்கவிட்டால், அவற்றோடு கூடிய பெண்களின் முட்டை பொரியாது, பீடை குன்றும். ஆனால் பறக்கவிட்ட ஆணும் காட்டுப் பெண்ணும் ஒரே இனமாக இருந்தால் அல்லவோ கூடும்? ஆகவே பெயர் வினா அவர்களுக்குப் பணவினாவாயிற்று. இறகின் அளவையும், நிறமூர்த்தங்களின் பட்டைகளையும், ஆண் ஈ வெளிவிடும் வாசனைப் பொருளின் இரசாயனத்தையும் ஒப்பிட்டனர். கூண்டிலிட்டுக் கூட விட்டனர். கென்யாவின் இன்வேடன்ஸும் சீனத்து டோர்சாலிஸும் வேற்றுமை பாராமற் கூடின. அவற்றின் மக்களும் மக்களைப் பெற்றன. இதற்கு மாறாக, ‘கரம்போலே’ என்னும் மற்றோர் ஈ தன் இனத்தையே பெரிதும் நாடிற்று. அதன் வாசனையும் வேறாயிருந்தது. எனவே நாற்பதுக்கு மேற்பட்ட ஆய்வாளர் ஒப்பமிட்டு, 2015இல் வெளிவந்த கட்டுரையிலே, பப்பாயே, இன்வேடன்ஸ் ஆகிய பெயர்களை டோர்சாலிஸ் என்னும் ஒரே பெயருள் அடக்கினர். 1912இல் ஹெண்டல் என்பவர் தைவானிலிருந்து வருணித்த பழைய பெயரே நிலைத்தது. கரம்போலே தனியினமாகவே நின்றது.

எல்லோரும் இதனை ஏற்றார்களா எனில், இல்லை. இன்வேடன்ஸுக்குப் பெயரிட்ட டிரூ 2016இல் வெளியிட்ட நூலில் அதனை மீண்டும் தனியினமாகவே எழுதினார். மற்றையோர் மறுத்து விடையிறுத்தனர். வாழ்நாள் முழுவதும் ஈக்களின் உடலை நோக்கிய ஒருவரின் கண்ணை நாம் எளிதிற் புறக்கணிக்கக் கூடாது. ஆயினும் இவ்வழக்கிற் சான்றின் பாரம் ஒன்றென்போர் பக்கமே இருக்கிறது என்பது என் துணிபு.

இந்த வழக்கினால் நமக்கு வந்தது என்ன? படையெடுப்பாளனின் தாயகம் என்னும் பட்டம் நம் தோளிலிருந்து இறங்கிற்று. ஆசியா முழுவதும் பரந்திருக்கும் ஒரு பூச்சியின் பல இருப்பிடங்களுள் ஒன்றாக இலங்கை ஆயிற்று. அதே வேளையில், 1994இற் கண்டியின் பெயரால் ‘கண்டியென்சிஸ்’ என்று வருணிக்கப்பட்ட ஈ இன்றும் தனியினமாகவே இருக்கிறது. அதுவும் மாம்பழத்தையே நாடுவது. ஆகவே என் முற்றத்துப் பழத்தில் நெளிந்தது உலகெங்கும் திரியும் டோர்சாலிஸா, நம் மண்ணின் கண்டியென்சிஸா என்பது நியாயமான கேள்வி. முன்னதாயின் அது எல்லாத் துறைமுகங்களிலும் தேடப்படும் கள்வன். பின்னதாயின் வெளிநாட்டு அதிகாரி அதனைப் பிறிதொரு பட்டியலில் தேட வேண்டியிருக்கும். இரண்டும் நெளியும்போது ஒன்றே.

பல பெயர்கள் ஒரு பூச்சியைக் குறித்த கதை இது. ஒரு பெயர் பல பூச்சிகளைக் குறித்த கதை வெள்ளை ஈயினுடையது. 1889இற் கிரேக்க நாட்டுப் புகையிலையில் ஜெனாடியஸ் என்பார் கண்டு வருணித்த ‘பெமிசியா டபாசி’, நெடுங்காலம் உலகெங்கும் பரந்த ஒரே இனமாகக் கருதப்பட்டது. கண்ணால் எவ்வகையிலும் பிரிக்க முடியாத இரண்டு டசினுக்கு மேற்பட்ட இனங்கள் அதனுள் மறைந்துள்ளன என்று டீ.என்.ஏ. காட்டிற்று. ஒன்று ஒரு நச்சுயிரியைக் கடத்தும், மற்றொன்று கடத்தாது. ஒன்று மருந்துக்கு மடியும், மற்றொன்று மடியாது. 2004இன் இறுதியில் அமெரிக்காவின் அரிசோனாவில், மருந்துகளுக்கு எளிதில் மடியாத மத்தியதரைப் பகுதி வெள்ளை ஈ கண்டுபிடிக்கப்பட்டபோது, அதனை வேறுபடுத்திக் கூறியது ஆய்வுகூடமே. ஜெனாடியஸ் சேகரித்த அந்தப் பழைய ஈயையே அரும்பொருட்சாலையிலிருந்து எடுத்து, 2012இல் அதன் எழுத்துகளைப் படித்து, அந்தப் பெயருக்கு உரிய ஈ எது என்று தீர்த்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உலர்ந்த பூச்சியொன்று சாட்சி சொன்னது. பழைய சேகரிப்புகளைத் தூசு படிந்த குப்பையாக எண்ணுவோர் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இனிப் படைப்புழுவுக்கு வருகிறேன். அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்த அது 2016இல் மேற்கு ஆபிரிக்காவிலும், 2018 மே மாதத்திற் கர்நாடகத்திலும், அவ்வாண்டிலேயே இலங்கையிலும் காணப்பட்டது. 2018-2019 பெரும்போகத்திற் சோளச் செய்கையாளர் பட்ட பாட்டைப் பத்திரிகை வாசித்த எவரும் மறந்திரார்; ‘சேனா’ என்னும் பெயர் அப்போது சிறுவர் வாயிலும் வழங்கிற்று. அந்நாட்களில் வன்னியில் உறவினர் ஒருவரின் சோள நிலத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். குருத்துகள் கந்தலாகி, மரத்தூள் போன்ற எச்சம் நிறைந்து கிடந்தன.

“மூன்று தரம் மருந்தடிச்சிட்டன், மாஸ்ரர்” என்றார் அவர்.

“என்ன மருந்து, அண்ணை?”

“கடையிலை தந்தது. படைப்புழு எண்டு சொன்னனான், எடுத்துத் தந்தாங்கள்.”

கடைக்காரர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு படைப்புழு உண்டு. நெல் வயலிற் கூட்டங் கூட்டமாக வருவது. அதே சாதியைச் சேர்ந்தது. மரக்கறிகளைத் தின்னும் இன்னொரு நெருங்கிய உறவும் உண்டு. புதிதாக வந்ததை அறிய அடையாளம் இல்லாமலில்லை: தலையில் ஆங்கில ‘வை’ எழுத்தைத் தலைகீழாக எழுதியது போன்ற கோடு, உடலின் பின்முனைக்கு அருகே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகள். ஆனால், இவை புழு வளர்ந்த பிறகே தெளிவாகும். அதற்குள் அது குருத்தின் ஆழத்திற்குள் புகுந்து, தன் எச்சத்தையே கூரையாக்கிக்கொள்ளும். தெளித்த மருந்து அதன் மேற்படுவதே அரிது. மருந்து பயன்படக்கூடிய காலம் பெயர் தெரியாத காலமாகவும், பெயர் தெரிந்த காலம் மருந்து பயன்படாத காலமாகவும் அமைந்துவிட்டது! போதாக்குறைக்கு, தாயகத்திலேயே பல மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சி இது. நம் நாட்டு ஆய்வாளர்களும் மூலக்கூற்று முறையால் இப்பூச்சியை உறுதிப்படுத்தினர். அந்த உறுதி அந்த அண்ணையின் மூன்றாவது தெளிப்புக்கு முன் அவர் வேலிக்கு வந்து சேரவில்லை.

இப்புழுவிற் டீ.என்.ஏ. முறையும் ஒரு முறை வழுக்கிற்று. அமெரிக்காவில் இதற்கு இரண்டு குலங்கள் உண்டு: சோளத்தையும் பருத்தியையும் நாடுவது ஒன்று, நெல்லையும் புற்களையும் நாடுவது மற்றொன்று. உருவத்தில் வேறுபாடு சிறிதுமில்லை. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அகப்பட்ட புழுக்களின் இழைமணி எழுத்துகளைப் படித்தபோது, பெருந்தொகையானவை ‘நெற்குலம்’ என்று விடை வந்தது. சோறே உயிராகிய நாட்டில் இதைக் கேட்டவர் திடுக்கிடுவது இயல்பே. ஆனால் அப்புழுக்கள் சோளத்தையே தின்றன. நிறமூர்த்தத்தில் உள்ள வேறொரு பரம்பரையலகைப் படித்தபோது, அவை ஏறக்குறைய யாவும் ‘சோளக்குலம்’ என்று தெரிந்தது. காரணம் யாதெனில், இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. எப்போதோ நெற்குலத் தாய் ஒருத்தி சோளக்குல ஆணோடு கலந்த வழியில் வந்த சந்ததி, தாயின் முத்திரையை மட்டும் தாங்கிக்கொண்டு, குணத்திற் சோளக்குலமாகவே வாழ்ந்திருக்கிறது. தாய்வழிப் பெயரை மட்டும் கேட்டு ஒருவனுடைய ஊரை முடிவு செய்வது போன்ற தவறு இது. ஒரே அலகின் அறுநூற்றைம்பது எழுத்துகளை இறுதித் தீர்ப்பாகக் கொள்வோர்க்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை. ஒப்புநோக்கும் தொகுதிகளிலேயே பிழையான பெயரில் இடப்பட்ட எழுத்துகளும் உண்டு என்பதையும் அவர்கள் நினைவில் வைத்தல் நன்று. பெயரை முதலில் இட்டவர் ஒரு மனிதர். அவர் பிழைத்திருந்தால் எந்திரமும் அந்தப் பிழையையே திருப்பிச் சொல்லும்.

ஆகவே, பழைய பூச்சியியலாளனின் நுணுக்குக்காட்டியை மூலையில் வைத்துவிடலாம் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கருவிக்குப் பணம் தேடுவது எளிது. கண்ணுக்குப் பயிற்சி தர ஓர் ஆயுள் வேண்டும். நம் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் டீ.என்.ஏ.யைப் பெருக்கும் கருவிகள் இருக்கின்றன. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வயலுக்கும் அக்கருவிக்கும் இடையேயுள்ள வழிதான் நீண்டது. கமக்காரன் தன் கையிலுள்ள புழுவை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் எந்த மொழியில் விடை வரும் என்பவற்றைத் தெளிவாக்கினாற் போதும், பாதி மருந்துச் செலவு மிஞ்சும் என்பது என் எண்ணம்.

இவ்வெழுத்துகள் யாருக்கு உரியவை என்னும் வழக்கும் இப்போது உலக மன்றங்களில் எழுந்திருக்கிறது. ஒரு நாட்டின் உயிரினத்தை எடுத்துச் செல்வதற்கு அந்நாட்டின் இசைவு வேண்டும். அதன் எழுத்துத் தொகுதியைக் கணனியிற் பார்த்துப் பயன்பெறுவோர் என்ன தர வேண்டும்? 2022 டிசம்பரில் மொன்றியலிற் கூடிய நாடுகள் இதற்கொரு பொது ஏற்பாடு வேண்டுமென இணங்கின. 2024இற் கொலம்பியாவின் காலி நகரில் (நம் காலியன்று) அதற்கான நிதியம் முடிவாகி, 2025 பெப்ரவரியில் உரோமாபுரியிலே தொடங்கிவைக்கப்பட்டது. இத்தகைய தொகுதிகளால் இலாபமடையும் பெரிய நிறுவனங்கள் ஒரு சிறு பங்கை அதிற் செலுத்த வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, கட்டாயமில்லை. கட்டாயமில்லாத கடனை வணிகர் எவ்வளவு விரைவாகத் தீர்ப்பர் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறேன்.

அன்று மாலை அந்த மாணவன் பழத்தை எறிய விடவில்லை. அகன்ற போத்தலொன்றில் ஈரமணல் பரப்பி, அதன் மேற் பழத்துண்டுகளை வைத்து, வாயைத் துணியாற் கட்டினான். புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுக்களாயின. பத்து நாட்களளவில் ஈக்கள் வெளிவந்தன: மார்பின் இருபுறமும் மஞ்சட் கோடு, வயிற்றின் மேல் ஆங்கில ‘ரீ’ எழுத்தை ஒத்த கறுப்புக் கோடு. பள்ளிக்கூடத்து உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தோம். டோர்சாலிஸ் கூட்டம் என்பது வரை வந்தோம். அதற்கப்பால் என் கண் செல்லவில்லை. நான் பழக்கத்தினாற் போமலினை எடுக்கச் சொன்னேன். அவன், “போமலின் டீ.என்.ஏ.யைக் கெடுத்துவிடும், சேர், மதுசாரத்தில் இடுவோம்” என்றான். ஒப்புக்கொண்டேன்.

சிறு சீசாவில் ஐந்து ஈக்களை இட்டு, ஊரும் திகதியும் எழுதி, ‘கறுத்தக்கொழும்பான் பழத்திலிருந்து’ என்றும் குறித்தான். பெயர் என்று தலைப்பிட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். வெறுமையாக விடும்படி கூறினேன். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அதனைக் கொடுப்பதற்காக அவனே பேருந்தேறினான்.